பிரதி யாருக்கு, எதற்காக? ஆவணங்களில் மங்கலான நீர்க்குறி இடுவது எப்படி

காணி உறுதியின் பிரதி, தேசிய அடையாள அட்டையின் பிரதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி. போருக்குப் பின்னர் வடக்கு கிழக்கில் வாழும் ஒரு குடும்பம் இவற்றை எத்தனை தடவை கையளித்திருக்கும் என்று எண்ணினால் கணக்குத் தவறிவிடும். மீள்குடியேற்றப் பதிவு, வீட்டுத்திட்டம், வாழ்வாதார உதவி, காணி விடுவிப்புக் கோரிக்கை, நுண்கடன், தொலைபேசி இணைப்பு என்று ஒவ்வொரு மேசையிலும் ஒரு பிரதி போயிருக்கிறது.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் இன்னும் கூடுதலாகக் கொடுத்திருக்கின்றன. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தது. 2013இல் காணாமற்போனோர் பற்றி விசாரிக்கும் ஜனாதிபதி ஆணைக்குழு, அதாவது மக்கள் பரணகம ஆணைக்குழு என்று அழைத்தது வந்தது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் உருவானது. ஒவ்வொன்றுக்கும் அதே கடிதம், அதே அடையாள அட்டை, அதே ஒளிப்படம் மறுபடியும் பிரதி எடுக்கப்பட்டன. இடையில் தொண்டு நிறுவனங்களும் சட்டத்தரணிகளும் ஊடகங்களும் கேட்டபோதும் கொடுக்கப்பட்டன.

வெறும் பிரதி ஒன்றைப் பார்த்தால் அது யாரால், யாருக்கு, எந்தத் தேவைக்காக, எப்போது கொடுக்கப்பட்டது என்று தெரியாது. ஒரு தேவைக்காகக் கொடுத்த அடையாள அட்டைப் பிரதியை இன்னொருவர் இன்னொரு தேவைக்கு எடுத்துக் கொடுத்தாலும் அந்தத் தாள் மறுத்துப் பேசாது. அந்தத் தாளின் குறுக்கே “வீட்டுத்திட்ட விண்ணப்பத்துக்கு மட்டும்” என்று மங்கலாக ஒரு வரி இருந்தால் நிலைமை மாறும். கணினியில் அந்த வரியை இடுவதற்கான வசதிக்குத்தான் நீர்க்குறி என்று பெயர். ஆங்கிலத்தில் வோட்டர்மார்க். அதை எப்படி இடுவது, தமிழில் இடும்போது என்ன சிக்கல் வரும், அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர் எங்கிருந்து வந்தது?

நீர்க்குறி முதலில் கடதாசி செய்பவர்களின் அடையாளம். 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியில், குறிப்பாகக் கடதாசிக்குப் பெயர்போன ஃபப்ரியானோ நகரில், கூழைப் பரப்பும் கம்பி வலையின் மேல் வளைத்த கம்பியால் ஒரு உருவத்தைப் பொருத்தினார்கள். ஈரக் கூழ் அந்தக் கம்பியின் மேல் மெல்லியதாகப் படியும். காய்ந்த பின் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் மட்டும் பிரகாசமாகத் தெரியும். எந்தப் பட்டறையில் செய்த தாள் என்பதை அதைக் கொண்டு அறிந்தார்கள். இன்று நாணயத்தாளை வெளிச்சத்தில் பிடித்து நல்லதா என்று பார்க்கிறோமே, அதுவும் இந்த முறைதான்.

இதை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நாணயத்தாளின் நீர்க்குறி தாளுக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்க முடியாது. அதனால் அது ஒரு சான்று. வேர்ட் போன்ற மென்பொருளில் நாம் இடும் நீர்க்குறியோ எழுத்துக்குப் பின்னால் அச்சாகும் மங்கலான மை மட்டுமே. அது ஒரு அறிவிப்பு. பெயர் ஒன்று என்பதால் பலம் ஒன்று என்று நினைத்துவிடக்கூடாது.

எதை எழுதுவது?

மென்பொருளைத் திறக்கும் முன்னர் வாசகத்தைத் தீர்மானியுங்கள். வேர்ட்டில் ஆயத்தமாக இருக்கும் வாசகங்கள் “கொன்ஃபிடென்ஷியல்”, “ட்ராஃப்ட்”, “டு நொட் கொப்பி” போன்றவை. அலுவலகங்களுக்கு அவை போதும். நமது தேவைக்கு அவை பெரும்பாலும் உதவாது. கீழ்வரும் வகைகளே பயன்படும்.

1. வரைவு: ஊர்ச் சங்கமோ பெற்றோர் சங்கமோ ஒரு மகஜரைத் தயாரிக்கும்போது, எல்லோரும் பார்த்துத் திருத்தும்வரை “வரைவு” என்று இடுங்கள். கையெழுத்துக்குப் போகும் இறுதிப் பதிப்பில் அதை நீக்குங்கள். பழைய பதிப்பில் சிலரும் புதிய பதிப்பில் சிலரும் கையெழுத்திடும் குழப்பத்தை இந்த ஒரு சொல் தடுக்கும்.

2. தேவையும் திகதியும்: “நீர் இணைப்பு விண்ணப்பத்துக்கு மட்டும் – 2024.03.12” என்பது போல. யாருக்கு, எதற்கு, எப்போது என்ற மூன்றும் இருந்தால் நல்லது. பிரதியைப் பெறும் அலுவலர் தமிழ் தெரியாதவராக இருக்கலாம். அவ்வாறெனில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அதே வரியைச் சேர்த்து இடுங்கள்.

3. எமது பிரதி: அலுவலகத்துக்குக் கொடுத்த கடிதத்தின் உங்கள் கோவைக்கான பிரதியில் “எமது பிரதி” என்று இடலாம். ஆனால் அந்தப் பிரதியில் அலுவலகத்தின் “கிடைக்கப்பெற்றது” முத்திரையும் திகதியும் வாங்குவதே முக்கியம். பின்னர் முறையிடும் நாளில் கைகொடுப்பது அந்த முத்திரைதான்.

சாட்சியமளித்தவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் என்பவற்றை நீர்க்குறியில் ஒருபோதும் இடவேண்டாம். ஒவ்வொரு பக்கத்திலும் பெரிய எழுத்தில் அதைத் திரும்பத் திரும்ப அச்சிடுவதாகவே அது முடியும். அதேபோல “இரகசியம்” என்று இடுவதால் எதுவும் இரகசியமாகிவிடாது. மேசையில் கிடக்கும் பத்துத் தாள்களில் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது அந்தத் தாளுக்குத்தான்.

மைக்ரோசொப்ட் வேர்ட்டில்

வேர்ட் 2013இலும் அதற்குப் பின்வந்த பதிப்புகளிலும் வழி இது:

1. மேலே உள்ள பட்டையில் “டிசைன்” என்பதை அழுத்துங்கள். 2007, 2010 பதிப்புகளில் இதற்குப் பதிலாக “பேஜ் லேஅவுட்” என்பதை அழுத்த வேண்டும்.

2. வலது பக்கத்தில் “வோட்டர்மார்க்” என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ஆயத்த வாசகங்கள் தெரியும். அவற்றை விட்டு, கீழே உள்ள “கஸ்டம் வோட்டர்மார்க்” என்பதைத் தெரிவுசெய்யுங்கள்.

3. திறக்கும் சிறு பெட்டியில் “டெக்ஸ்ட் வோட்டர்மார்க்” என்பதைத் தெரிந்து, “டெக்ஸ்ட்” என்ற இடத்தில் உள்ளதை அழித்து உங்கள் வாசகத்தை ரைப் செய்யுங்கள்.

4. “ஃபொன்ட்” என்ற இடத்தில் தமிழ் எழுத்துரு ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

5. நிறம் வெளிர் சாம்பலாக இருக்கட்டும். “செமிட்ரான்ஸ்பேரண்ட்” என்ற கட்டத்தில் சரி அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தை மங்கலாக்குவது அதுதான்.

6. “டயகனல்” என்றால் மூலைவிட்டமாகச் சாய்ந்து வரும். “ஹொரிசொண்டல்” என்றால் நேராக வரும். ஓரிரு சொற்களுக்குச் சாய்வு நல்லது. நீண்ட வரிக்கு நேர்.

7. “ஓகே” கொடுத்ததும் எல்லாப் பக்கங்களிலும் வாசகம் வந்துவிடும்.

நீக்குவதற்கு அதே “வோட்டர்மார்க்” பொத்தானின் கீழுள்ள “ரிமூவ் வோட்டர்மார்க்” போதும்.

ஒரு அடிப்படை விடயத்தைத் தெரிந்துகொண்டால் பின்னர் வரும் பெரும்பாலான குழப்பங்கள் தீரும். வேர்ட், நீர்க்குறியைப் பக்கத்தின் உடலில் வைப்பதில்லை. பக்கத்தலைப்புப் பகுதியில், அதாவது “ஹெடர்” என்பதில் வைக்கிறது. ஹெடரில் இருப்பது ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வரும். அதனால்தான் ஒரு தடவை இட்டதும் நூறு பக்கத்திலும் தெரிகிறது.

முதற்பக்கத்தில் மட்டும் வரவில்லை என்றால், ஹெடரில் “டிஃபரன்ட் பெர்ஸ்ட் பேஜ்” என்பது தெரிவுசெய்யப்பட்டிருக்கலாம். நடுவில் சில பக்கங்களில் வரவில்லை என்றால், ஆவணம் பல பிரிவுகளாக வெட்டப்பட்டு “லிங்க் டு பிரீவியஸ்” துண்டிக்கப்பட்டிருக்கலாம். “ரிமூவ்” கொடுத்தும் போகவில்லை என்றால், பக்கத்தின் மேல் விளிம்பில் இரண்டு தடவை அழுத்தி ஹெடரைத் திறவுங்கள். மங்கலான எழுத்தின் மேல் அழுத்தித் தெரிவுசெய்து அழித்துவிடலாம். திரையில் தெரிகிறது, அச்சில் வரவில்லை என்றால், “ஃபைல்”, “ஒப்ஷன்ஸ்”, “டிஸ்பிளே” என்று போய், வேர்ட்டில் உருவாக்கிய வரைபடங்களை அச்சிடும் தெரிவு இயங்குகிறதா என்று பாருங்கள்.

இலவச மென்பொருட்களில்

வேர்ட்டுக்குக் கட்டணம் உண்டு. லிப்ரே ஒபிஸ் முற்றிலும் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். அதன் ரைட்டரில் 2017இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து நீர்க்குறி வசதி இருக்கிறது. “ஃபோர்மட்” பட்டியலில் “வோட்டர்மார்க்” என்பதைத் திறந்தால் வாசகம், எழுத்துரு, சாய்வுக் கோணம், ஒளிபுகும் அளவு, நிறம் ஆகிய ஐந்தையும் ஒரே பெட்டியில் மாற்றலாம். கோணத்தை 0 ஆக்கினால் எழுத்து நேராக வரும். ஒளிபுகும் அளவு கூடக் கூட எழுத்து மங்கும். வாசகத்தை வெறுமையாக்கி ஓகே கொடுத்தால் நீர்க்குறி போய்விடும்.

கூகிள் டொக்ஸைக் கணினியின் உலாவியில் திறந்தால் “இன்சேர்ட்” பட்டியலில் “வோட்டர்மார்க்” இருக்கும். வலது பக்கத்தில் “இமேஜ்”, “டெக்ஸ்ட்” என்று இரு பகுதிகள் திறக்கும். எழுத்துக்கு “டெக்ஸ்ட்”, படத்துக்கு “இமேஜ்”. படத்தை மங்கலாக்க “ஃபேடட்” என்ற கட்டத்தில் சரி அடையாளம் இடவேண்டும். ஆனால் கூகிள் டொக்ஸில் எழுதுவது உங்கள் கணினியில் அல்ல, இணையத்தில் சேமிக்கப்படுகிறது. யாருடைய கணக்கில் திறந்திருக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். கடையின் கணக்கில் திறந்து சத்தியக்கடதாசி ஒன்றை ரைப் செய்தால் அது அந்தக் கணக்கிலேயே தங்கிவிடும்.

தமிழில் இடும்போது

வேர்ட் இயல்பாகத் தரும் எழுத்துருக்களில் தமிழ் எழுத்து இல்லாதவை பல உண்டு. அவற்றோடு விட்டுவிட்டால் சிலவேளை கட்டங்கள் தெரியும், சிலவேளை கொம்பும் காலும் இடம் மாறித் தெரியும். லதா, நிர்மலா யூ.ஐ., நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவைத் தெரிவுசெய்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

நமது பகுதிகளில் கடைகளும் அச்சகங்களும் அலுவலகங்களும் நீண்டகாலம் பாமினி எழுத்துருவில் வேலை செய்துள்ளன, இன்றும் பல இடங்களில் செய்கின்றன. பாமினியில் ரைப் செய்வது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துகளின் வரிசை. பாமினி இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால், பக்கத்தின் குறுக்கே பெரிய ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் நிற்கும். பாமினியில்தான் செய்ய வேண்டுமென்றால் கோப்பைப் பி.டி.எப். ஆக்கியே அனுப்புங்கள். பி.டி.எப். எழுத்துருவையும் தன்னோடு கொண்டுபோகும்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. அளவை “ஓட்டோ” என்று விட்டால் மென்பொருள் முழு வரியையும் ஒரு பக்கத்துக்குள் அடக்கப் பார்க்கும். “மீள்குடியேற்ற உதவி விண்ணப்பத்துக்கு மட்டும்” என்ற வரி எறும்பு ஊர்ந்தது போலச் சிறுத்துவிடும். சொற்களைக் குறையுங்கள். குறைக்க முடியாவிட்டால் ஹெடரைத் திறந்து அதற்குள் ஒரு “டெக்ஸ்ட் பொக்ஸ்” வைத்து, இரண்டு மூன்று வரியாக எழுதி, வெளிர் சாம்பல் நிறம் கொடுத்து, பக்கத்தின் நடுவுக்கு இழுத்துவிடுங்கள். ஹெடருக்குள் இருக்கும்வரை அதுவும் நீர்க்குறி போலவே எல்லாப் பக்கத்திலும் வரும். எந்த முறையிலும் எழுத்து உடைந்தே வந்தால், வாசகத்தைப் படமாகச் சேமித்து “பிக்சர் வோட்டர்மார்க்” ஆக இடுவதே கடைசி வழி.

ஸ்கேன் செய்த பிரதியில் ஏன் தெரிவதில்லை?

நீர்க்குறி எழுத்துக்குப் பின்னால் நிற்பது. நீங்கள் ரைப் செய்த கடிதத்தில் எழுத்துகளுக்கு இடையே வெறுமை இருக்கிறது, அதனூடாகப் பின்னால் உள்ளது தெரியும். ஆனால் ஸ்கேன் செய்த உறுதியோ, தொலைபேசியில் படமெடுத்த அடையாள அட்டையோ ஒரு முழுப்படம். அதன் வெள்ளைப் பகுதியும் படத்தின் ஒரு பகுதிதான். அதை வேர்ட்டில் வைத்து நீர்க்குறி இட்டால், படம் சுவர்போல முன்னால் நின்று நீர்க்குறியை முழுதாக மறைத்துவிடும். நாம் அதிகமாகக் கையளிப்பது இப்படியான பிரதிகளைத்தான் என்பதால் இதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, வாசகத்தைப் படத்துக்கு முன்னால் கொண்டுவருவது. படத்தை வேர்ட்டில் சேர்த்து, அதன் அருகே தெரியும் “லேஅவுட் ஒப்ஷன்ஸ்” மூலம் “பிஹைண்ட் டெக்ஸ்ட்” கொடுங்கள். பின்னர் “இன்சேர்ட்” இலிருந்து “வேர்ட் ஆர்ட்” ஒன்றை எடுத்து வாசகத்தை எழுதுங்கள். அதன் எழுத்து நிறத்துக்கான தெரிவில் “ட்ரான்ஸ்பேரன்சி” என்பதை 50 முதல் 60 சதவீதம் வரை கூட்டினால் எழுத்தினூடாகப் படம் தெரியும். சுழற்றிச் சாய்த்து வையுங்கள். ஓரத்தில் வைத்தால் கத்தரித்துவிடலாம். ஆகவே ஒளிப்படத்தின் விளிம்பையோ கையெழுத்தின் அருகையோ தொட்டுச் செல்லட்டும். ஆனால் பெயரும் இலக்கமும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வாசிக்க முடியாத பிரதியை அலுவலகம் திருப்பி அனுப்பும், நட்டம் உங்களுக்குத்தான்.

இரண்டாவது வழி கொம்யூனிகேஷன் கடைகளில் எளிதாகச் செய்யக்கூடியது. வெறும் ஏ4 பக்கத்தில் நீர்க்குறியை மட்டும் இட்டுத் தேவையான எண்ணிக்கையில் அச்சிடுங்கள். மை நன்றாகக் காய்ந்த பின் அந்தத் தாள்களைப் போட்டோ கொப்பி இயந்திரத்தின் தட்டில் வையுங்கள். இப்போது மூல ஆவணத்தைக் கண்ணாடியில் வைத்துப் பிரதி எடுத்தால், உறுதியின் எழுத்து நீர்க்குறியின் மேல் வந்து விழும். படத்தைத் திருத்தும் வேலை எதுவும் இல்லை. முதலில் ஒரு தாளை மட்டும் எடுத்துப் பார்த்து, தட்டில் தாளை எந்தப் பக்கமாக வைப்பது என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும், செய்து முடித்த பிரதியை இன்னொரு தடவை போட்டோ கொப்பி எடுத்துச் சரிபாருங்கள். மிக மங்கலான எழுத்து அடுத்த பிரதியில் காணாமல் போய்விடும். சற்றுக் கடுமையானது கறுத்து மூல எழுத்தை மறைத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறத்தைப் பிடிக்க ஓரிரு தாள் வீணானாலும் பரவாயில்லை.

அனுப்பும்போது

வேர்ட் கோப்பாக அனுப்பினால் பெற்றவர் ஒரே அழுத்தத்தில் நீர்க்குறியை நீக்கிவிடுவார். எனவே பி.டி.எப். ஆக்கியே மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ அனுப்புங்கள். வேர்ட்டில் “சேவ் அஸ்” கொடுத்து வகையைப் பி.டி.எப். என்று மாற்ற வேண்டும். லிப்ரே ஒபிஸில் “எக்ஸ்போர்ட் அஸ் பி.டி.எப்.”, கூகிள் டொக்ஸில் “டவுன்லோட்”.

தெரிந்தவர்கள் பி.டி.எப். இலிருந்தும் நீர்க்குறியைப் பிரித்தெடுக்கலாம். அச்சிட்ட தாளைத் திரும்ப ஸ்கேன் செய்து அனுப்பினால் எழுத்தும் நீர்க்குறியும் ஒரே படமாகிவிடும், பிரிப்பது கடினம். ஆனால் பார்வைக் குறைபாடுள்ளவர்கள் பயன்படுத்தும் வாசிப்பு மென்பொருளால் அந்தப் படத்தை வாசிக்க முடியாது. அடையாள அட்டை, உறுதி போன்றவற்றுக்கு இம்முறை பொருத்தம். பலரும் வாசிக்க வேண்டிய மகஜருக்கு வேண்டாம்.

கடையில் செய்விக்கிறீர்கள் என்றால், வேலை முடிந்ததும் கோப்பை அந்தக் கணினியிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். “ரீசைக்கிள் பின்” இலிருந்தும் அழிக்க வேண்டும். வட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பிய படம் கடைக்காரரின் தொலைபேசியிலும் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். சொந்தமாக ஒரு பென் டிரைவ் வைத்திருப்பது நல்லது.

ஒளிப்படத்தை மங்கலாக்குதல்

எழுத்துக்குப் பதிலாகப் படத்தையும் பின்னணியில் இடலாம். வேர்ட்டில் “பிக்சர் வோட்டர்மார்க்” என்பதைத் தெரிந்து, படத்தைக் காட்டி, “வோஷ்அவுட்” கட்டத்தில் சரி அடையாளம் இட்டால் போதும். படத்தின் ஒளிர்வு கூடி, கறுப்புக்கும் வெள்ளைக்குமான வேறுபாடு குறைந்து, மேலே எழுத்து தெளிவாகத் தெரியும் அளவுக்குப் படம் வெளிறும். ஊர்ச் சங்கத்தின் இலச்சினை, கோயில் முகப்பு, பாடசாலைச் சின்னம் என்பவற்றைக் கடிதத்தாளில் இப்படி வைக்கலாம். அந்தியேட்டிக் கல்வெட்டுகளில் தேவாரப் பக்கத்துக்குப் பின்னால் அமரரின் முகம் மெல்லத் தெரிவதும் இம்முறையில்தான். இடம்பெயர்வில் எல்லாப் படமும் போய், அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் மிச்சம் என்ற வீடுகள் உண்டு. சிறிய படத்தைப் பெருப்பித்தால் சிதறும். ஆனால் மங்கலாக்கும்போது அந்தச் சிதறல் அவ்வளவாகக் கண்ணில் படாது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் அவசியம்.

ஒன்று, “வோஷ்அவுட்” படத்தை மறைப்பதில்லை. வேர்ட் கோப்புக்குள் மூலப்படம் முழுத் தெளிவோடு அப்படியே இருக்கும். கோப்பைப் பெற்றவர் மங்கலை நீக்கிப் பார்க்கலாம். சாட்சி ஒருவரின் முகத்தைப் பாதுகாக்க வேண்டுமென்றால் மங்கலாக்குவது வழியல்ல. அந்தப் படத்தைச் சேர்க்காமல் விடுவதே வழி.

மற்றது, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்கள் பற்றியது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் உறவுகள் ஏந்தியவை தெளிவான படங்கள். தமது பிள்ளை எங்கே என்பதுதான் அவர்களின் கேள்வி. எழுத்துக்குப் பின்னால் வெளிறித் தெரியும் முகம் நம்மிடையே அஞ்சலிப் பிரசுரத்தின் வடிவம். நல்லெண்ணத்தோடு ஒரு சங்கமோ கடைக்காரரோ மகஜரின் பின்னணியில் அந்தப் படத்தை மங்கலாக்கி இட்டால், குடும்பம் சொல்லாத ஒன்றை அந்தத் தாள் சொல்லிவிடும். மகஜரிலும் முறைப்பாட்டிலும் படத்தைத் தெளிவாக, எழுத்துக்கு மேலேயோ பக்கத்திலோ வையுங்கள். வேறு விதமாக வைக்க வேண்டுமா என்பதைக் குடும்பமே சொல்லட்டும்.

நீர்க்குறியால் ஆகாதவை

நீர்க்குறி இட்ட பிரதி உறுதிப்படுத்திய பிரதி ஆகாது. உண்மைப் பிரதி என்று கேட்டால் சமாதான நீதவான், சட்டத்தரணி போன்ற உரியவரின் ஒப்பமும் முத்திரையும் வேண்டும். பிறப்பு, விவாக, இறப்புப் பதிவுகளின் உறுதிப்படுத்திய பிரதிகளைப் பிரதேச செயலகத்திலும், பதிவுசெய்யப்பட்ட உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்திலும் பெற வேண்டும். போரில் மூலப்பத்திரங்களை இழந்தவர்கள் கையிலுள்ள போட்டோ கொப்பியை மட்டும் நம்பியிராமல் இவற்றைப் பெற்று வைத்திருப்பது அவசியம்.

மூலப்பத்திரத்தின் மேல் எதையும் அச்சிடவோ எழுதவோ கூடாது. நீதிமன்றத்துக்கோ தூதரகத்துக்கோ கொடுக்கும் பிரதியில் எதுவும் இருக்கக்கூடாது என்று நிபந்தனை இருக்கலாம். அங்கே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணினி இல்லாவிட்டால்

இந்த வேலைக்குக் கணினி கட்டாயமல்ல. போட்டோ கொப்பியின் குறுக்கே நீலப் பேனாவால் இரண்டு சாய்கோடுகள் இழுத்து, நடுவில் யாருக்கு, எதற்கு, எந்தத் திகதி என்று எழுதினால் அதே பயன் கிடைக்கும். கறுப்பு எழுத்துப் பிரதியில் நீல மை தனியாகத் தெரியும். கையெழுத்து உங்களுடையது என்பதால் அச்சிட்ட நீர்க்குறியைவிட ஒருவகையில் இது பலமானது. அடையாள அட்டையின் பிரதியைக் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்யப் பழகுங்கள்.

அத்தோடு வீட்டில் ஒரு கொப்பி வைத்து நான்கு நிரல் இழுங்கள்: திகதி, எந்தப் பத்திரம், யாரிடம், எதற்காக. பிரதியில் இட்ட வாசகத்தை அப்படியே அதில் எழுதுங்கள். நாளை உங்கள் பெயரில் நீங்கள் அறியாத கடனோ தொலைபேசி இணைப்போ இருப்பதாகத் தகவல் வந்தால், அங்கே வைக்கப்பட்டிருக்கும் பிரதியைக் காட்டச் சொல்லுங்கள். அதில் இருக்கும் வரியையும் கொப்பியில் இருக்கும் வரியையும் ஒப்பிட்டால் அது எந்த மேசையிலிருந்து போனது என்று தெரியும். பதினைந்து வருடங்களாகக் கொடுத்த பிரதிகளைத் திருப்பி எடுக்க முடியாது. இனிக் கொடுப்பவற்றுக்காவது கணக்கு இருக்கட்டும்.